உறங்கும் கிருமியை எழுப்பியவள்

முப்பிடாதியின் வலது கால் பெருவிரல் காலை ஒன்பது மணிக்கு அசைந்தது. பத்தேகாலுக்கு அசையவில்லை.

தூத்துக்குடித் தண்டுவட மையத்தின் மூன்றாம் மாடி ஆய்வகத்துக்குத் தகவல் வந்தபோது ஜெசிந்தா மோத்தா லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கினாள். கிருமிகளைப் படிப்பதையே பதினாறு வருடத் தொழிலாகக் கொண்ட டாக்டர் அவள். ஒரு காலின் பெருவிரல் நின்றால், அடுத்தது முழங்கால், அதற்கடுத்தது இடுப்பு என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கு நாட்களில் ஓடுவதில்லை. மணிகளில் ஓடும்.

ஆளில்லா ஆம்புலன்ஸ் முப்பிடாதியை உப்பளத்திலிருந்து நேராகக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. முப்பத்தெட்டு வயது. குதிகாலில் உப்பு அரித்த பழைய புண். மூன்று வாரமாக முதுகுவலி. ஊசியும் தைலமுமாக ஓட்டியிருக்கிறாள். நாலு நாளாகக் காய்ச்சல். இன்று காலை பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் அவளுடைய முதுகின் எம்.ஆர்.ஐ. படம் விரிந்திருந்தது. நடுவில் சாம்பல் நிறக் கயிறாகத் தண்டுவடம். அதன் பின்னால், கழுத்திலிருந்து இடுப்புவரை, தண்டுவடத்தின் உறையை ஒட்டி ஒரு வெள்ளைப் பட்டை. அவ்வளவும் சீழ். புண்ணில் புகுந்த கிருமி ரத்தத்தில் ஏறி, அங்கே போய்க் குடியமர்ந்திருந்தது.

"திறந்து வடிக்கணும் சார்," என்றாள் ஜெசிந்தா.

எதிரில் நின்ற தலைமை அறுவை மருத்துவர் சங்கரநயினார் கையைக் கட்டிக்கொண்டார். "எத்தனை இடத்துல திறப்பீங்க? கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் இருபது எலும்பு. அந்தம்மாவுக்கு ரத்த அழுத்தம் எண்பதுல நிக்குது. ஆறு மணி நேரம் மயக்கத்துல வெச்சா மேசையிலேயே போயிருவாங்க."

"ரெண்டு மூணு இடத்துல மட்டும்?"

"பாதி சீழ், பாதி கெட்டிப்பட்ட சதை. மேல திறந்தா கீழ வடியாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் ஜெசிந்தாவுக்கு எரிச்சல் வந்தது. தென்மாவட்டத்தில் இவரைப்போல முதுகெலும்பைத் திறக்கத் தெரிந்தவர் இல்லை என்று பேர். ஆனால் நீண்ட விடுப்பில் போய்த் திரும்பிய பிறகு, இரண்டு வருடமாக மனிதர் கத்தியைத் தொடுவதே இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று மற்றவர்களுக்கு யோசனை சொல்வதோடு சரி. துணிச்சல் போய்விட்டது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"அப்போ என் மருந்தைக் கொடுக்கிறேன்."

"அது முடிவு இல்லை, ஜெசிந்தா."

"இன்னிக்குச் சாயங்காலம் அவங்க எழுந்து நின்னா அதுவே போதும்."

வெளியே நாற்காலியில் முப்பிடாதியின் கணவர் சுடலைமணி இருந்தார். அதே உப்பளத்தில் மூட்டை ஏற்றுகிறவர், தொழிற்சங்கத்தில் கிளைச் செயலாளர். சம்மதப் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை.

"மொதல்ல என்னான்னு சொல்லுங்க, டாக்டரம்மா. எனக்கு வெளங்கணும்."

ஜெசிந்தா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "இந்தக் கிருமி தனியா இருக்கும்போது வம்புக்குப் போகாது. ஒவ்வொண்ணும் வாசனை மாதிரி ஒரு பொருளை வெளியே விடும். அந்த வாசனை கூடக்கூட, நாம நிறைய பேர் சேர்ந்துட்டோம்னு அதுங்களுக்குத் தெரிஞ்சுபோகும். அதுக்கப்புறம்தான் எல்லாம் ஒண்ணா விஷத்தைக் கக்கும். சீழ் பிடிக்கும்."

சுடலைமணி நிமிர்ந்தார். "எங்க அளத்துல மாதிரி. நாலு பேரு போயி நின்னா மேனேஜர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். நானூறு பேரு கூடினாத்தான் கோஷம் போடுவோம்."

"அதேதான்! நான் அந்தக் கூட்டத்துகிட்டப் போய், நீங்க நாலே பேருதான்னு ஒரு பொய் சொல்லப்போறேன். அந்த வாசனையைக் கெடுக்கிற இன்னொரு வாசனை. இடுப்புல ஒரு சின்ன பம்ப், அதுல இருந்து முடி மாதிரி ஒரு குழாய், தண்டுவடத்தோட உறைக்குப் பக்கத்துல போய் முடியும். நிமிஷத்துக்கு நிமிஷம் அந்தப் பொய்யைச் சொல்லிக்கிட்டே இருக்கும்."

"கிருமி நம்புமா?"

"பதினோரு பேரோட முதுகுல நம்பியிருக்கு."

சுடலைமணி கையெழுத்துப் போட்டார். "எங்க மேனேஜருக்கு மட்டும் இத சொல்லிராதிய," என்றார். அந்த நேரத்திலும் ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது.

குழாய் பன்னிரண்டரை மணிக்கு உள்ளே போனது. ஊசி வழியாக எடுக்க முடிந்த சீழை எடுத்தார்கள். வழக்கமான கிருமிக்கொல்லி மருந்து ரத்தத்தில் ஏறியது. பம்ப் தன் வேலையைத் தொடங்கியது. குழாயின் நுனியில் கிருமியின் வாசனையை அளக்கும் உணரி இருந்தது. அதன் கோடு திரையில் மலைபோல் நின்றது. ஒரு மணிக்கு மலை அப்படியே இருந்தது. இரண்டு மணிக்குச் சரியத் தொடங்கியது. மூன்று மணிக்கு ஜெசிந்தா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். நாலரைக்குக் கோடு தரையைத் தொட்டது.

ஐந்து மணி ஐந்து நிமிடம். நர்ஸ் ஒருத்தி, "டாக்டர்!" என்று கத்தினாள்.

பெருவிரல் அசைந்தது.

கொஞ்சம்தான். போர்வையின் நுனி ஒரு நூல் அளவு ஏறி இறங்கியது. ஆனால் அறையில் இருந்த ஆறு பேரும் கைதட்டினார்கள். முப்பிடாதி தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றாள். "என்னத்துக்குக் கைதட்டுதிய? நான் என்ன ஓட்டப்பந்தயமா ஓடினேன்?" என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

பன்னிரண்டு நாளில் அவள் கம்பியைப் பிடித்து வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். அன்றுதான் பம்ப் பொருத்தியவர்களுக்கான விதிகள் அச்சிட்ட தாளை நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். முப்பிடாதி எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு ஜெசிந்தாவை வரச்சொன்னாள்.

"பம்பு எப்பக் கழட்டுவிய?"

ஜெசிந்தா இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தாள். "அதைக் கழட்ட முடியாது, முப்பிடாதி. பொய்யை நிறுத்தினா கிருமி மறுபடி எண்ணிப் பார்க்கும்."

"அப்ப கிருமி சாவலையா?"

"பாதி செத்துப்போச்சு. மீதி பதுங்கிருச்சு. அமைதியான கிருமி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, சுத்தி ஒரு சுவரைக் கட்டிக்கும். மருந்து உள்ள போகாது. தூங்கிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது."

முப்பிடாதி தாளைப் பார்த்தாள். தண்ணீரில் இறங்கக்கூடாது. உப்பளத்தில் வேலை செய்யக்கூடாது. சமையற்கூடங்களிலும் அறுவை அரங்குகளிலும் பணிபுரியக்கூடாது. உறங்கும் கிருமி பம்ப் இல்லாத இன்னொரு உடம்புக்குப் போனால் விழித்துக்கொள்ளலாம். ஆகவே மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளைத் தூக்கக்கூடாது.

"எம் மவளுக்கு அடுத்த மாசம் பேறுகாலம்," என்றாள் முப்பிடாதி.

ஜெசிந்தா அந்தத் தாளைக் கையில் வாங்கினாள். அந்த விதிகளை எழுதியவளே அவள்தான். மூன்று வருடத்துக்கு முன், ஆய்வகத்தில் குளிர்சாதனத்தின் கீழே உட்கார்ந்து, ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்தாள். அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட யாரென்று அவளுக்குத் தெரியாது. வேறு வேறு ஊர்களில் பம்ப் பொருத்திக்கொண்டவர்கள். ஆய்வில் சார்பு வந்துவிடக் கூடாதென்று அவர்களுடைய பெயர்களைத் தனியாக ஓர் அலுவலகம் வைத்திருந்தது. அவளுக்கு அவர்கள் ஒன்று முதல் பதினொன்று வரையிலான எண்கள். பன்னிரண்டாம் எண்தான் முதல்முதலாக எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறது.

"அது தூங்கணும்னு நான் ஆயுசுபூரா தாலாட்டு பாடிக்கிட்டே இருக்கணுமா, டாக்டரம்மா?"

"நீங்க நடக்கிறீங்களே."

"நடக்கேன். இல்லேங்கல. ஆனா நீங்க பொய் சொல்லி அடக்குனியள்லா, அதே மாதிரி இன்னொரு பொய் சொல்லி எந்திரிக்க வெக்க முடியாதா? எந்திரிச்சு வெளிய வந்தா மருந்து பிடிச்சுக்கிடும்லா?"

ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டாவதோடு நின்ற ஒருத்தி, அவள் இரண்டு வருடம் முட்டி மோதிய கேள்வியைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டாள்.

"அந்த மருந்தும் இருக்கு," என்று ஒப்புக்கொண்டாள். "ஆறு ஆட்டுக்குக் கொடுத்தோம். சுவரை உடைச்சுக்கிட்டு எல்லாக் கிருமியும் ஒரே நேரத்துல வெளியே வந்துச்சு. நாலு ஆடு சுத்தமா குணமாச்சு. ரெண்டு ஆடு பின்னங்காலை இழுத்துக்கிட்டே கிடந்துச்சு, கடைசி வரைக்கும். ஒரே நேரத்துல அவ்வளவு விஷத்தைத் தண்டுவடம் தாங்காது. மனுஷங்களுக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன்."

"ஒரே நேரத்துல," என்று முப்பிடாதி சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே ஜெசிந்தா பன்னிரண்டாம் எண் பம்பின் பதிவுகளைத் திறந்தாள். தட்டையாக இருக்க வேண்டிய கோடு ரம்பப்பல்போல் இருந்தது.

கருவிக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பம்பின் கணக்கைப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குப் பம்ப் கையால் நிறுத்தப்பட்டிருக்கிறது. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி இயங்கியிருக்கிறது. மத்தியானம் இன்னொரு தடவை. செவ்வாய் மூன்று தடவை. புதன் நாலு தடவை. இன்று இதற்குள் இரண்டு தடவை. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நீளமாக. பொத்தானை அழுத்தியது யார்?

சோறு அப்படியே கிடந்தது. அவள் ஓடினாள்.

முப்பிடாதி சன்னலோரக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் கால்விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த பம்பின் சிறிய பச்சை விளக்கு அணைந்திருந்தது.

"என்ன பண்றீங்க!" ஜெசிந்தா பாய்ந்து பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. "பைத்தியமா உங்களுக்கு? காலு போயிரும்! திரும்ப வராது! யார் காட்டிக்கொடுத்தா?"

"நர்ஸம்மா மருந்து நெரப்பையில பொத்தான அமத்துவாவள்லா. பாத்து வெச்சிருந்தேன்." முப்பிடாதி அசையவில்லை. "ஏசுங்க. ஏசி முடிச்சதும் நான் சொல்லுதேன்."

ஜெசிந்தா ஏசினாள். மூச்சு வாங்கும்வரை ஏசினாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பாத்தியில உப்பு வெளையையில," என்று முப்பிடாதி ஆரம்பித்தாள், "தண்ணி கொறஞ்சா புதுத் தண்ணி விடணும். மடைய ஒரேயடியாத் தொறந்தா வெளஞ்ச உப்பும் கரைஞ்சி நாசமாப் போவும். கொஞ்சம் தொறக்கணும். பாக்கணும். அடைக்கணும். இருவது வருசமா நான் செய்த வேல அதுதான். நீங்க ஒரே நேரத்துலன்னு சொன்னியளா, எனக்கு அதுதான் மண்டையில ஓடிச்சி. எல்லாத்தையும் எதுக்கு ஒண்ணா எழுப்பணும்? சொவர்ல மேல இருக்கதுதான மொதல்ல முழிக்கும்? அது மட்டும் முழிக்கட்டும். வெளிய வரட்டும். மருந்து ரத்தத்துல ஓடிக்கிட்டுத்தான இருக்கு? அது தின்னுட்டுப் போவட்டும். பொறவு பம்பப் போட்டு மத்ததத் தூங்க வெச்சிட்டேன்."

"எப்போ நிறுத்தணும், எப்போ போடணும்னு எப்படித் தெரிஞ்சது?"

"வெரலு சொல்லும். மொதல்ல பெருவெரல்ல எறும்பு ஊருத மாதிரி இருக்கும். பொறவு அது மேல ஏறும். ஏற ஆரம்பிச்சதும் போட்டுருவேன். மொத நாளு நாப்பது நிமிசத்துல ஏறிச்சி. இப்ப ரெண்டு மணி நேரம் ஆவுது."

ஜெசிந்தா கைக்கருவியை எடுத்து அந்த ரம்பப்பல் கோட்டை மறுபடி பார்த்தாள். கோபத்தில் கவனிக்காததை இப்போதுதான் கவனித்தாள். முதல் பல் பெரியது. அடுத்தது அதைவிடச் சின்னது. அதற்கடுத்தது இன்னும் சின்னது. பம்ப் நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போக, கிருமியின் குரலோ குறைந்துகொண்டே வந்தது.

இரண்டு வருடமாக எழுப்பும் மருந்தைத் தேடி, ஆடுகளை முடமாக்கி, கைவிட்டு... எழுப்ப மருந்தே தேவையில்லை! பொய்யைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும். சுவர் அடுக்கடுக்காக உரியும். எவ்வளவு நேரம் என்பதுதான் ரகசியம். அதைச் சொல்லும் கருவி ஆய்வகத்தில் இல்லை. உணரி காட்டுவதற்குள் பத்து நிமிடம் தாமதமாகிவிடும். தண்டுவடம் தானே சொல்கிறது, விரல் வழியாக.

"முப்பிடாதி," என்றாள். "என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா விட்டிருப்பியளா?"

ஜெசிந்தா நேர்மையாகப் பதில் சொன்னாள். "விட்டிருக்க மாட்டேன்."

சாயங்காலமே மையத்தின் மருத்துவர் குழு கூடியது. விதிகள் மீறப்பட்டன, நோயாளி தன்மேல் தானே பரிசோதனை செய்துகொண்டாள், இதை எப்படிப் பதிவு செய்வது என்று ஆளுக்கொன்றாகப் பேசினார்கள். சங்கரநயினார் மட்டும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பார் என்று ஜெசிந்தா பதில்களோடு தயாராக வந்திருந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் சின்னதாகுதா?" என்று கேட்டார்.

"ஆமாம் சார்."

"நிச்சயமா?"

"பதினோரு பல். பதினொண்ணும் இறங்குமுகம்."

கொஞ்ச நேரம் கழித்து, "சின்னதாகுதுதானே?" என்று மறுபடி கேட்டார். வரைபடத்தின் கடைசிப் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். "தொடரலாம். எல்லோரும் பக்கத்துல இருக்கணும். ஆனா எப்போ நிறுத்தணும்கிறதை அந்தம்மாதான் சொல்லணும். நாம இல்லை."

மறுநாள் காலை கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர். பகிரங்கமாக, பதிவுக் கருவிகள் ஓட, முதல்முறையாக ஜெசிந்தாவே பம்பை நிறுத்தினாள். முதல் மணி சும்மா போனது. இரண்டாம் மணியில் முப்பிடாதி பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்றாம் மணியில், "எறும்பு வந்துட்டு," என்றாள். "எடது காலு. கடைசி ரெண்டு வெரலு."

ஜெசிந்தாவின் கை பொத்தானுக்குப் போனது.

"இருங்க. ஏறல. அங்கனயே நிக்கி."

"முப்பிடாதி, வேண்டாம்..."

"அவங்க சொல்றதைக் கேளுங்க, ஜெசிந்தா," என்றார் சங்கரநயினார்.

திரையில் கோடு மெல்ல மேலேறியது. ஐந்து நிமிடம். எட்டு. சுடலைமணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முப்பிடாதியின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. திடீரென்று, "போடுங்க! இப்பப் போடுங்க!" என்று கத்தினாள்.

விளக்கு எரிந்தது. ரத்தத்தில் மருந்தின் வேகத்தைக் கூட்டினார்கள். கோடு பத்து நிமிடம் தயங்கியது. பிறகு கற்போல் விழுந்தது. இதுவரை விழாத ஆழத்துக்கு விழுந்தது.

"உடைஞ்சிருச்சு!" ஜெசிந்தா நர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். "பெரிய சுவர் உடைஞ்சிருச்சு!"

ஆனால் இடது காலின் கடைசி இரண்டு விரல்களிலும் உணர்ச்சி திரும்பவில்லை. அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஜெசிந்தா ஊசியின் நுனியால் தொட்டுக்கொண்டே இருந்தாள். முப்பிடாதி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில், "விடுங்க, ரெண்டு வெரலுதான," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுடலைமணி கட்டிலில் உட்கார்ந்து, அந்த விரல்களைத் தன் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டார்.

இன்னும் நாலு முறை. ஒவ்வொரு முறையும் பல் சின்னதானது. கடைசித் தடவை பம்பை நிறுத்தி ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். கோடு எழவே இல்லை. இரண்டு பகல். எழவில்லை. ஐந்தாம் நாள் ஊசி வைத்து எடுத்த துளியில் ஒரு கிருமிகூட வளரவில்லை. குழாயை உருவி எடுத்தபோது முப்பிடாதி கேட்டாள்: "இனி பிள்ளையத் தூக்கலாமா?"

"தூக்கலாம்."

"எழுதித் தாங்க."

ஜெசிந்தா விதிகள் அச்சிட்ட தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெண் குழந்தை மூன்று வாரம் கழித்துப் பிறந்தது.

அதற்குள் ஜெசிந்தா அந்தப் பதினோரு எண்களுக்கும் அலுவலகம் வழியாகக் கடிதம் அனுப்பியிருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். இரண்டு விரல்களை எழுதினாள். ஒரேயொருவரிடம்தான் இது வெற்றி பெற்றிருக்கிறது என்பதையும், எழுப்பும் மருந்து ஒன்று இருந்ததையும், ஆடுகளை இழந்த பயத்தில் வேறு வழி தேடாமல் தான் உட்கார்ந்துவிட்டதையும் எழுதினாள். விருப்பமிருந்தால் வரலாம், தூங்கும் கிருமியோடு இப்படியே இருப்பதும் தப்பில்லை என்று முடித்தாள்.

ஆறு பேர் வருகிறோம் என்றார்கள். நாலு பேர் இப்படியே இருந்துவிடுகிறோம் என்றார்கள். நான்காம் எண்ணிடமிருந்து மட்டும் பதில் இல்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு, கடிதம் சேர்ந்துவிட்டது என்றார்கள்.

முப்பிடாதி வாரம் மூன்று நாள் மையத்துக்கு வரத் தொடங்கினாள். பயத்தில் மரத்துப்போவது வேறு, உண்மையில் எறும்பு ஏறுவது வேறு. அந்த வித்தியாசத்தை அவளைத் தவிர யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கட்டில்களுக்கு இடையே, செருப்பு கழன்றுவிடாமலிருக்க இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைத்து நடந்து, ஒவ்வொருவர் காலடியிலும் உட்கார்ந்து பேசினாள்.

ஆறு பேரும் வந்து சேர்ந்த திங்கட்கிழமை, ஏழு கட்டில்கள் போடப்பட்டிருந்ததை ஜெசிந்தா கவனித்தாள். "ஒண்ணு கூடுதலா இருக்கே?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"பெரிய டாக்டர்தான் போடச் சொன்னாங்க."

சங்கரநயினார் உள்ளே வந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டையைக் கொஞ்சம் தூக்கினார். இடுப்பில் ஒரு சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நான்காம் எண்," என்றார். "பதில் எழுதலாம்னுதான் நாலு தடவை உட்கார்ந்தேன். வெக்கமா இருந்துச்சு."

ஜெசிந்தா அந்த விளக்கையே பார்த்தாள். இரண்டு வருடம். கண்ணாடிக்கு வெளியே நின்ற இரண்டு வருடம். அறுவை அரங்குகளில் பணிபுரியக்கூடாது என்ற வரியை அவள் ஒரு மத்தியானத்தில் எழுதினாள். அவர் யாரிடமும் சொல்லாமல், யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று, அதை ஒரு நாள்கூட மீறாமல் இருந்திருக்கிறார்.

"சார், நான் உங்களைப் பத்தி..."

"தெரியும். முகத்துலயே எழுதியிருந்துச்சே." அவர் சிரித்தபடி கட்டிலில் ஏறிப் படுத்தார். பிறகு சிரிப்பு நின்றது. முப்பிடாதியைப் பார்த்து, "எனக்குப் பயமா இருக்கு, அம்மா," என்றார்.

"எனக்கும் இருந்திச்சி," என்றாள் முப்பிடாதி. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பேசிக்கிட்டே இருங்க. பேச்சு நின்னா எனக்குத் தெரிஞ்சிரும்."

அவர் பேசினார். தினமும் மூன்று மணி நேரம், பத்து நாட்கள். தான் திறந்த முதுகெலும்புகளைப் பற்றியே பேசினார். பதினைந்தாம் நாள் அவரிடம் எடுத்த துளியிலும் ஒரு கிருமிகூட வளரவில்லை; பம்பைக் கழற்றினார்கள்.

பதினாறாம் நாள் முற்பகல், துறைமுகத்திலிருந்து முதுகு உடைந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அறுவை அரங்கின் வெளியே, தண்ணீர்க் குழாயடியில் சங்கரநயினார் கை கழுவிக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகள், நகங்கள், முழங்கைவரை. வழக்கமான நேரம் முடிந்தும் அவர் கழுவிக்கொண்டே இருந்தார். ஜெசிந்தா பக்கத்தில் நின்று பார்த்தாள். அரங்கின் கதவைத் திறந்து பிடித்திருந்த நர்ஸ் உள்பட, யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.